துருப்பிடித்த பழைய பிக்கப்: வேலை பார்ப்பதா, எடைக்குப் போடுவதா?

"இன்ஜின் இன்னும் கிண்ணென்று இருக்கிறதே!" பழைய பிக்கப்பை விட மனமில்லாதவர்கள் முதலில் சொல்வது இதுதான். ஆனால் பொலிரோ பிக்கப், டாடா 207 போன்ற வண்டிகளில் கேபின், இன்ஜின், பாடி எல்லாமே ஏணி வடிவச் சேஸின் (அடிச்சட்டத்தின்) மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இன்ஜினை இறக்கிவிட்டு வேறொன்று ஏற்றலாம். சேஸ் போனால் வண்டியே போச்சு. அதனால் சோதனையைக் கீழிருந்து தொடங்குங்கள். மீன், உப்பு, உரம், கோழி எரு ஏற்றிய வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பாடியின் இடுக்குகளில் வடிந்து நேராகச் சேஸில்தான் இறங்கும்.

படி 1: கழுவித் தூக்குங்கள்

வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கத்தை நன்றாக அடிக்கச் சொல்லி, ஒரு நாள் காயவிடுங்கள். சின்னச் சுத்தியல், பழைய ஸ்க்ரூ டிரைவர், கம்பி பிரஷ், டார்ச், சாக்பீஸ், காந்தம், அளவு டேப் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டை ஆக்ஸிலுக்குக் கீழே கொடுங்கள். சேஸுக்குக் கொடுத்து அந்த இடம் அரித்திருந்தால் ஸ்டாண்டின் தலை உள்ளே இறங்கிவிடும்.

படி 2: சேஸைத் தட்டிப் பாருங்கள்

ஒரு ஜாண் இடைவெளியில் இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்னும்; அரித்தது 'தொப்' என்னும். தொப் என்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி அழுத்துங்கள். மேல் துரு மட்டும் உதிர்ந்து அடியில் இரும்பு தெரிந்தால் வட்டம் போடுங்கள். உள்ளே இறங்கினால் பெருக்கல் குறி.

அதிகம் அரிக்கும் இடங்கள் இவை: பின் கமான்கட்டை (பட்டை ஸ்பிரிங்) தொங்கும் பிராக்கெட்டும், அதன் முனையைப் பிடிக்கும் ஷேக்கிளும், கேபினுக்குச் சற்றுப் பின்னால் உள்ள பகுதி, கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேஸோடு சேரும் மூலை, இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று படிந்த இடம். கடைசியாகச் சொன்னதில் தகடுகள் பிதுங்கி விலகியிருந்தால் உள்ளே துரு முற்றிவிட்டது என்று பொருள். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதுதான் தகட்டைப் பிளக்கிறது. புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்த சேஸ் என்றால் இரண்டு முறை தட்டுங்கள். எஃப்சிக்காக (தகுதிச் சான்றுக்காக) ஓட்டையில் பட்டிப் பசை பூசி மறைக்கும் வழக்கம் உண்டு. பட்டியில் காந்தம் ஒட்டாது.

பெருக்கல் குறி கமான்கட்டை பிராக்கெட்டிலும் இருக்கிறது, கேபினுக்குப் பின்னாலும் இருக்கிறது என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை, எடைக்குத்தான். ஓரிடத்தில் மட்டும் என்றால் தொடருங்கள்.

படி 3: கோணல் பாருங்கள்

இடது முன் பிராக்கெட் போல்டிலிருந்து வலது பின் பிராக்கெட் போல்ட் வரை அளந்து, பிறகு வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்குள் என்றால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் சேஸ் கோணியிருக்கிறது. ஓவர்லோடு அடித்த வண்டி கேபினுக்குப் பின்னால் தொய்ந்திருக்கும். சேஸின் அடிவிளிம்பில் நூல் பிடித்தால் தெரியும்.

படி 4: மற்றவை

கேபினில் கால்மிதி ரப்பரைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவைத் திறந்து மேலும் கீழும் ஆட்டினால் கீல் பிடித்திருக்கும் தூணும் சேர்ந்து ஆடுகிறதா? அது பெரிய டிங்கரிங் வேலை. பிரேக் பைப் துருப்பிடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றும் பட்டியலில் சேருங்கள். இன்ஜினைச் சூடாக்கி ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் வேலை இருக்கிறது.

படி 5: கணக்கு

வேலை பார்க்க முடிவெடுத்தால், இன்று எடைக்குப் போட்டால் கிடைக்கும் பணத்தையும் இழக்கிறீர்கள். அதையும் செலவில் சேர்க்க வேண்டும். பலர் விடுவது இங்கேதான். ஓர் உதாரணம், உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்:

சேஸ் வெல்டிங் 35,000, கேபின் டிங்கரிங் 25,000, லோடு பாடி 40,000, பிரேக் 15,000, பெயின்ட்டும் எஃப்சியும் 20,000. மொத்தம் 1,35,000 ரூபாய். இதோடு 30 சதவீதம் கூட்டுங்கள்: 1,75,500. அரித்த இடத்தில் வெல்டிங் பிடிக்காது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டும்போது கையகல ஓட்டை முழ நீளத் தகடாகிவிடும். வண்டி 25 நாள் ஓடாமல் நிற்க, நாளுக்கு 1,000 வீதம் 25,000. எடை 1,600 கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் 48,000. ஆக 2,48,500.

அதே மாடல், அதே ஆண்டு வண்டி நல்ல ஓட்டத்தில் 2,20,000-க்குக் கிடைக்கிறது என்றால் வேலை பார்ப்பது நட்டம். ஆனால் லோடு பாடி நன்றாக இருந்து அந்த 40,000 தேவைப்படாவிட்டால் கணக்கு 1,96,500-க்கு இறங்கும். அப்போது வேலை பார்க்கலாம். 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு எஃப்சி ஆண்டுதோறும் வரும், வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணமும் கூடும் என்பதையும் மறக்காதீர்கள்.

வேலை பார்ப்பதானால்

பேட்டரியையும், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) உள்ள வண்டி என்றால் அதன் சாக்கெட்டையும் கழற்றிவிட்டு, டீசல் டேங்கை இறக்கிய பிறகே வெல்டிங். சேஸின் கனத்துக்குச் சமமான தகடு போடச் சொல்லுங்கள். தகட்டின் முனை சதுரமாக இருந்தால் அந்தக் கோட்டிலேயே மறுபடி விரிசல் விடும். சாய்வாக வெட்டிய முனைதான் நல்லது. சேஸில் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிப்பவர்கள் ரப்பர் புஷ்ஷிலும் பிரேக் ஹோஸிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ரப்பர் ஊதிப்போகும்.

எடைக்குப் போடுவதானால்

காயலான் கடையில் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆர்சி (பதிவுச் சான்று) ரத்தாகாதவரை வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கும். வரி பாக்கியும் வழக்கும் உங்களைத்தான் தேடி வரும். 2021 விதிகளின்படி பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி எடுத்தால் பதிவுக் கட்டணம் இல்லை. சரக்கு வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகைக்கும் மத்திய விதியில் இடமுண்டு, அளவை மாநில அரசு முடிவுசெய்யும். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று முதலில் வேண்டும். சலான் பாக்கியையும் கட்டிவிடுங்கள். வண்டியை ஒப்படைக்கும் அன்றே ஃபாஸ்டாகை முடக்கச் சொல்லுங்கள்.