டாங்க் வார்கேம்: புதுசா ஆடறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையில சின்ன டாங்க் மாடலை நகர்த்தி, ரூல்ஸ் படி பழைய சண்டையைத் திரும்ப ஆடறதுதான் வார்கேம். போன மாசம் ராத்திரி பத்தரைக்கு ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணா, இந்த ரூல்ஸ் சரியில்லண்ணா, சென்சூரியனோட ஆர்மர் நம்பரை ஏத்தப் போறேன்"னான். சென்சூரியன்னா இஸ்ரேல் பக்கத்து டாங்க், ஆர்மர் நம்பர்னா அதோட கவசம் எவ்வளவு தாங்கும்னு ரூல்ஸ் குடுக்கற எண். சிரியாவும் இஸ்ரேலும் கோலான் மேட்டுநிலத்துல மோதின 1973 சண்டையை ஆடியிருக்கான், மூணே டர்ன்ல (சுற்றுல) இஸ்ரேல் பக்கம் காலி. "மேசையில மேடு வச்சியா?"ன்னு கேட்டேன். வைக்கலயாம். நானும் இதே இடத்துலதான் ரெண்டு மாசத்தை வீணாக்கினேன், அதனால இதை எழுதியே ஆகணும்னு தோணிச்சு. பெயின்ட்டைத் தண்ணி கலந்து அடிக்கறது, கவுன்ட்டரை (அட்டை வில்லையை) இடுக்கியால எடுக்கறது இதெல்லாம் ரெண்டு கேம்ல தானா வந்துரும்.

தட்டை மேசை

1973 அக்டோபர் 6 மதியம் சிரியா சுமார் 1,400 டாங்கோட வந்துச்சு, எதிர்ல கோலான்ல இருந்தது 170 சொச்சம். இந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கிட்டு நான் பச்சைத் துணியை விரிச்சு ரெண்டு பக்கமும் மாடலை அடுக்கினேன். தட்டையான மேசையில எல்லாரும் எல்லாரையும் பாக்கலாம், எல்லாரும் சுடலாம், அப்போ எண்ணிக்கை அதிகமா இருக்கறவன்தான ஜெயிப்பான்? எனக்கு அது புரியல, ரூல்ஸ்தான் தப்புன்னு முடிவு பண்ணி ஆர்மர் நம்பர், ஹிட் டேபிள் (குண்டு படுதான்னு பாக்கற அட்டவணை) எல்லாத்தையும் திருத்திக்கிட்டே இருந்தேன். கடைசில கோலான் ஓரளவு சரியா வந்துச்சு, ஆனா அதே நம்பரோட சினாய் (அதே போர்ல எகிப்தோட நடந்த பாலைவனச் சண்டை) ஆடினா சென்சூரியனை யாராலயும் தொட முடியல.

நிஜப் போர்ல சென்சூரியனைக் காப்பாத்தினது மேடு. சென்சூரியன் தன் பீரங்கியைச் சுமார் 10 டிகிரி கீழ இறக்கும், சிரியாவோட டி-55 டாங்க் அதுல பாதிதான், ஏன்னா அதோட டர்ரெட் (பீரங்கி இருக்கற, சுழலற மேல்பகுதி) கூரை தாழ்வு, குழாய் முன்னாடி இறங்கணும்னா பின்பக்கம் மேல எழும்ப இடம் வேணும். அதனால சென்சூரியன் மேட்டுக்குப் பின்னாடி உடம்பை மறைச்சு டர்ரெட்டை மட்டும் காட்டிப் பள்ளத்துல வர்றவனைச் சுடும். அதே மேட்டுல டி-55 நின்னா உச்சியைத் தாண்டி உடம்பைக் காட்டினாத்தான் சுட முடியும். இஸ்ரேல்காரங்க இதுக்குன்னே மண்ணுல சாய்வுமேடை கட்டி வச்சிருந்தாங்க.

துணிக்கு அடியில தெர்மாகோலைச் சரிவா சீவி வைங்க, பழைய புக்கு வச்சாலும் போதும். அப்புறம் டர்ரெட்ல இருந்து எதிரி டாங்குக்கு ஒரு நூலை இழுத்துப் பிடிங்க, நூல் மேட்டுல தட்டுச்சுன்னா ஷாட் கிடையாது. ரூல்ஸ்ல ஹல்-டவுன் போனஸ் (இப்படி உடம்பை மறைச்சு நிக்கற டாங்குக்குக் கிடைக்கற சலுகை) ஏற்கனவே இருக்கும். மேடு இல்லாத மேசையில அதை யாரும் வாங்கவே முடியாது, அப்புறம் எதுக்கு நம்பரைத் திருத்தறீங்க? தயவுசெஞ்சு அதுல கை வைக்காதீங்க.

சேகர் ஏவுகணையைப் பீரங்கி மாதிரி ஆடறது

சேகர் (Sagger) டாங்கை அடிக்கற ஏவுகணை. அது 3 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 25 செகண்ட் ஆகும், அதுவரைக்கும் ஒருத்தன் ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சு ஓட்டிக்கிட்டே இருக்கணும். அந்த நேரத்துல அவன் பக்கம் குண்டு விழுந்தாலே கை ஆடிரும். அதனால டார்கெட் ஆன டாங்குக்குப் பதில் சுடவோ நகரவோ வாய்ப்பு குடுங்க. 500 மீட்டருக்குள்ள அதை நம்பாதீங்க.

மாடலை ஒட்டி ஒட்டி நிறுத்தறது

தூரத்துல இருந்து வர்ற பீரங்கிக் குண்டு ஒண்ணு விழுந்தா மொத்த கம்பெனியும் (சுமார் பத்து டாங்க் இருக்கற படைப்பிரிவு) மாட்டும்.

முதல் கேம்லயே பிரிகேட்

பிரிகேட்னா பல கம்பெனி சேர்ந்த பெரிய படை, வேணாம். ஒரு கம்பெனி போதும்.

பாலம் போடற டாங்கைப் பெட்டியிலயே விடறது

சுட முடியாத மாடல்னு இதை யாரும் எடுக்கறதே இல்ல. கோலான்ல டாங்க் தடுப்புப் பள்ளம் இருந்துச்சு, சிரியாவுக்குப் பாலம் போடற டாங்கும் புல்டோசரும் இல்லாம தாண்ட வழியில்ல, அதனாலதான் இஸ்ரேல் கன்னர்கள் அதைத் தேடித் தேடி அடிச்சாங்க. சிரியா பக்கம் ஆடறீங்கன்னா அதை முதல் வரிசையில அனுப்பாதீங்க, முதல்ல புகை போடுங்க, மேட்டுல இருக்கற சென்சூரியனைக் கொஞ்ச நேரம் தலைதூக்க விடாம பண்ணுங்க, அப்புறம் ரெண்டு மூணு இடத்துல ஒரே டர்ன்ல பாலத்தை இறக்குங்க.