பழைய காரில் டொக் டொக் சத்தமா? ஷொக் வாங்க ஓடாதீர்கள்

பழைய காரின் கீழே சத்தம் கேட்டால் எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் முதலில் வரும் தீர்ப்பு "ஷொக் போயிற்று" என்பதுதான். செங்கலடியில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அக்கரைப்பற்றில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். முன்பக்க ஷொக் இரண்டையும் புதிதாகப் போட்டு, கூலியும் கொடுத்து, வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அதே டொக் டொக்கைக் கேட்டு நொந்துபோனவர்கள் நிறையப் பேர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை தனியார் கார்களுக்கு வழி திறக்காததால், இருபது இருபத்தைந்து வயதான கொரோலா, சன்னி, லான்சர் எல்லாம் இன்னமும் வீட்டுக் காராகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வயதில் சத்தம் வருவது இயல்பு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சாமான் வாங்குவதுதான் வீண்செலவு.

ஷொக் அப்சோபரின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அது பழுதானால் கார் ஒரு பம்பைத் தாண்டிய பிறகும் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போகும், பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும், ஷொக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதில் புழுதி அப்பியிருக்கும். சத்தம் என்பது பெரும்பாலும் வேறு கதை. எங்கோ ஒரு மூட்டில் இடைவெளி விழுந்து இரும்பும் இரும்பும் முட்டினால்தான் டொக் என்று கேட்கும். அந்த மூட்டுகள் ஒரு காரில் எத்தனையோ இருக்கின்றன: லிங்க் ரொட் (ஸ்டெபிலைசர் தண்டைச் சில்லுப் பக்கத்தோடு கோக்கிற சின்னக் கம்பி), ஸ்டெபிலைசர் புஷ் (அந்தத் தண்டைப் பிடிக்கிற ரப்பர்), ஆம் புஷ் (சில்லைத் தாங்குகிற கை மாதிரியான ஆம் பாடியோடு சேரும் இடத்து ரப்பர்), போல் ஜொயின்ட் (ஆமின் மறுமுனையில் இருக்கிற உருண்டை மூட்டு), டை ரொட் என்ட், ரக் என்ட் (ஸ்டியரிங் கம்பியின் இரு முனை மூட்டுகள்), ஷொக்கின் தலையில் இருக்கிற மவுன்ட். ஷொக்கே சத்தம் போடுவதும் உண்டு, உள்ளே முழுதாகத் தேய்ந்திருந்தாலோ மேல் நட் தளர்ந்திருந்தாலோ. ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்பட்டால் போதும்.

இரண்டாவது தவறு, கார்பட் வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் கேட்கவில்லையே" என்று கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்ல, சரி என்று நாமும் திரும்பி வருவது. கல்முனை வீதி மாதிரி சமமான பாதையில் எந்தப் புஷ்ஷும் வாய் திறக்காது. சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கராஜுக்குப் போகும் முன்பே நீங்கள் கவனித்திருக்க வேண்டும்: மெதுவாகப் போகும்போதா, வேகத்திலா, பிரேக் பிடிக்கும்போதா, திரும்பும்போதா, காலையில் முதல் எடுப்பிலா, வெயில் ஏறிய பிறகா, மழைக்கு நிற்கிறதா. முடிந்தால் பக்கத்தில் ஒருவரை இருத்தி அவருடைய போனில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். பாஸுக்கு "முன்னுக்கு ஒரு சத்தம்" என்று சொல்வதைவிட அந்தப் பதிவு நல்லது.

இதில் மிக உதவியான சோதனைக்குச் செலவே இல்லை. வீதிக்குக் குறுக்கே முழுதாகப் போட்ட வேகத்தடை ஒன்றில் நேராக, மெதுவாக ஏறி இறங்குங்கள். பிறகு ஒரு பக்கச் சில்லு மட்டும் குழியில் விழுகிற மாதிரி ஒரு குறுக்கு ஒழுங்கையில் போங்கள். முன்சில்லு இரண்டையும் இணைக்கிற இரும்புத் தண்டுதான் ஸ்டெபிலைசர் பார்; இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அது தன் புஷ்ஷுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும், லிங்க் ரொட்டில் பாரம் விழாது. ஒரு சில்லு மட்டும் இறங்கும்போது தண்டு முறுகி லிங்கை இழுக்கும், தேய்ந்த லிங்க் அப்போது கடகட என்று அடிக்கும். ஆக, வேகத்தடையில் அமைதி, குழி ஒழுங்கையில் கடகட என்றால் முதல் சந்தேகம் லிங்க் ரொட்டில். இரண்டிலும் ஒரே மாதிரிப் பலமாக டொக் என்று விழுந்தால் ஆம் புஷ், மவுன்ட், ஷொக் பக்கம் பாருங்கள். லிங்க் ரொட் இந்த வரிசையிலேயே மலிவான சாமான்களில் ஒன்று, கழற்றுவதும் லேசு. அதை விட்டுவிட்டு ஷொக்கில் ஏன் தொடங்குகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்குகிறது என்றும் சொல்லலாம், ஷொக் விற்றால் லாபம் கூட.

அந்த லிங்கைச் சோதிக்கும்போதும் ஒரு பிழை விடுவார்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜெக் அடித்துத் தூக்கினால் தண்டு முறுகி, லிங்க் இறுகிப் போய் நல்ல சாமான் மாதிரி நிற்கும். இரண்டு சில்லும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது, கராஜில் வேலைக்கு வெட்டிய குழியின் மேல் கார் நிற்கையில், லிங்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.

போல் ஜொயின்டில் இந்தப் பிழை இன்னும் ஆபத்து. கொரோலா, சன்னி மாதிரி முன்பக்கம் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக நிற்கிற கார்களில் பாடியில் ஜெக் வைத்துச் சில்லைத் தொங்கவிட்டு, கீழ் ஆமுக்கும் சில்லைப் பிடித்திருக்கிற நக்கிளுக்கும் இடையில் கம்பி கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் இரண்டு ஆம் இருந்து ஸ்பிரிங் கீழ் ஆமில் உட்கார்ந்திருக்கிற வாகனங்களில் அப்படிச் செய்தால், ஸ்பிரிங் ஆமைக் கீழே தள்ளிக்கொண்டிருப்பதால் தேய்ந்த ஜொயின்ட்கூட இறுக்கமாகத் தெரியும். அங்கே ஜெக்கைக் கீழ் ஆமுக்கு அடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், அசைந்தால் போல் ஜொயின்டோ சில்லின் பெயரிங்கோ. ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டும்போது அசைவு நின்றுவிட்டால் பெயரிங், நிற்காவிட்டால் ஜொயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைவு இருந்தால் டை ரொட் என்ட், ரக் என்ட் பக்கம் போங்கள்.

இதை வீட்டு வளவில் செய்கிறவர்களுக்கு ஒரு சொல். கடற்கரைப் பக்கத்து வளவு முழுக்க மணல். மணலில் வைத்த ஜெக் மெல்லச் சாயும், கார் இறங்கும்வரை உங்களுக்குத் தெரியாது. அடியில் தடித்த பலகை, பின்சில்லுக்குக் கல், ஜெக்குக்குத் துணையாக ஸ்டாண்ட், இந்த மூன்றும் இல்லாமல் காரின் கீழே தலையை விடாதீர்கள். செங்கல், சீமெந்துக் கல் அடுக்கி முட்டுக்கொடுப்பதும் வேண்டாம், அது சொல்லாமல் உடையும்.

சஸ்பென்ஷனே இல்லாத சத்தத்துக்குச் சஸ்பென்ஷனைக் கழற்றுவது அடுத்த பிழை. இது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. கரடுமுரடான பாதையில் கடகட என்று கேட்கும்போது பிரேக்கை இலேசாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் உடனே நின்றால் பிரேக் பேட்டோ அதை அழுத்துகிற கலிப்பரின் ஆணியோதான் ஆடுகிறது. பேட் மாற்றும்போது கிளிப்பைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். மண்முனைப் பாலம் கடந்து வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிரவல் வீதிகளில் ஓடிவிட்டு வந்த கார் திடீரென்று கிறீச் என்று கத்தத் தொடங்கினால் பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையில் ஒரு சின்னக் கல் மாட்டியிருக்கலாம். அதற்குப் பெயரிங் மாற்றப் போகிறவர்களும் உண்டு. கொஞ்சத் தூரம் பின்னுக்கு ஓட்டினால் சில வேளை தானாக விழுந்துவிடும். திரும்பிக்கொண்டே வேகம் கூட்டும்போது டக் டக் டக் என்று வந்தால் சீவீ ஜொயின்ட், அதாவது எஞ்சினின் பலத்தைச் சில்லுக்குக் கொண்டுபோகிற தண்டின் மூட்டு. வேகத்தோடு சேர்ந்து ஏறுகிற உறுமல் என்றால் பெயரிங், அல்லது மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டால் எது என்று தெரிந்துவிடும். கியர் போட்டு எடுக்கும்போது மட்டும் ஒரு குத்து விழுந்தால் எஞ்சின் மவுன்ட். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டிக்கியைத் திறந்து ஸ்பெயார் வீல், ஜெக், ஸ்பனர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். பட்டரி கிளாம்ப், சைலன்சர் ரப்பர், சில்லின் நட்டும் பாருங்கள்.

சத்தம் கேட்கிற இடத்தை அப்படியே நம்பவும் கூடாது. இரும்பு பாடியில் சத்தம் ஓடும். இடதுபக்க ஆமில் பிறந்தது சாரதியின் காலடியில் கேட்கலாம், பின்பக்கத்தில் ஆடுவது முன்னால் கேட்கலாம். மதில் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினால் சத்தம் மதிலில் பட்டுத் தெளிவாகத் திரும்பும். காரை நிறுத்தி ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர் கையை ஒவ்வொரு மூட்டின் மேலும் வைத்துப் பார்த்தால் காதுக்குத் தப்பியது கைக்குத் தெரியும். முன் ஸ்பிரிங்கில் உள்ளங்கையை வைத்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் விட்டுவிட்டுத் துள்ளினால் மேலே இருக்கிற மவுன்ட் இறுகிவிட்டது என்று அர்த்தம். விரல் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்று துரு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் உப்புக் காற்று. கொயில் ஸ்பிரிங்கின் அடிவளையம் உட்காரும் தட்டில் மணலும் ஈரமும் சேர்ந்து கிடக்கும், பெயின்ட் உரிந்து, துரு பிடித்து, கடைசி வளையம் உடையும். உடைந்தாலும் கார் ஓடும், அதுதான் சிக்கல். திரும்பும்போது டங் என்று ஒரு சத்தம், ஒரு பக்கம் கொஞ்சம் பதிந்த மாதிரி ஒரு தோற்றம், அவ்வளவுதான். டோர்ச் அடித்து அந்த அடிவளையத்தைச் சுற்றிப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றுவார்கள். மாரியில் வெள்ளத்துக்குள் ஓடிய காரில் போல் ஜொயின்டின் ரப்பர் உறையையும் பாருங்கள். அது கிழிந்து தண்ணீரும் சேறும் உள்ளே போயிருந்தால் ஜொயின்டின் ஆயுள் குறுகிவிட்டது.

கீச் கீச் என்று கேட்டால் எண்ணெய் அடிப்பது என்று ஒரு பழக்கம். டீசல், பழைய எஞ்சின் ஒயில், டபிள்யூடி-40, கையில் கிடைத்தது எல்லாம் புஷ்ஷுக்குப் போகும். சத்தம் கொஞ்ச நாளைக்கு நிற்கும். அப்புறம் அந்த எண்ணெயில் ரப்பர் ஊதி மென்மையாகி, முன்பைவிடச் சீக்கிரமாகக் கிழியும். எந்தப் புஷ் கத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும்: ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, காரை அமுக்கி அமுக்கிப் பாருங்கள், எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். மழையில் மறைந்து வெயிலில் திரும்பும் கீச்சும் இந்த இனம்தான்.

சரி, ஆளைப் பிடித்தாயிற்று, புதுப் புஷ்ஷும் போட்டாயிற்று, சில மாதத்தில் திரும்பவும் அதே சத்தம். சாமான் கள்ளம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், போல்ட்டை எப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள். ஆம் புஷ்ஷின் நடுக் குழாயும் ரப்பரும் ஒன்றோடொன்று ஒட்டியவை. சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நாள் முழுக்க நிற்கும், ஓடும்போது இன்னும் முறுகும், சீக்கிரமே கிழியும். போல்ட்டை இலேசாகப் பிடிக்கவிட்டு, காரைச் சில்லில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பாரம் முழுதும் விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கு. குழி உள்ள கராஜில் இது லேசு, இல்லாத இடத்தில் படுத்துச் செய்ய வேண்டும், அதனால்தான் பலர் செய்வதில்லை. வேலை தொடங்கும் முன்பே பாஸிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கோபிக்கிற பாஸும் இருப்பார், நல்ல பாஸ் சிரித்துவிட்டு "தெரியும் தம்பி" என்பார்.

கொழும்புக்குப் போனால், பழைய வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பழைய ஆம் ஒன்று முழுதாகக் கிடைக்கும் என்று வாங்கி வருவார்கள். இரும்பு நல்லதாக இருக்கும், ஆனால் அதில் இருக்கிற ரப்பரும் உங்கள் காரின் வயதுதான். பழைய ஆம் வாங்கினால் புஷ்ஷும் போல் ஜொயின்டும் புதிதாகப் போடுகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஷொக் உண்மையாகவே போயிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், முன் இரண்டும் அல்லது பின் இரண்டும் சோடியாக. சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்கிற வீல் எலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. தேய்ந்த மூட்டோடு எலைன்மென்ட் பார்த்தால் அந்த அளவு முதல் குழி வரைக்கும்தான் நிற்கும்.

எல்லாம் ஒரே நாளில் மாற்றக் காசில்லை என்றால் வரிசை இதுதான்: போல் ஜொயின்ட், டை ரொட் என்ட், உடைந்த ஸ்பிரிங், தளர்ந்த வீல் நட் ஆகியவற்றோடு காரை வீதிக்கே எடுக்க வேண்டாம், போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு மடிந்து விழும். லிங்க் ரொட், ஸ்டெபிலைசர் புஷ் இரண்டும் சம்பளம் வரும்வரை பொறுக்கும், சத்தம்தான் எரிச்சல்.

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். லிங்கின் முனை உருண்டையைக் கையால் அசையுங்கள், புஷ்ஷைத் திருப்பி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உருண்டை தளதள என்று ஆடினால் சரியான சாமான்தான் மாறியிருக்கிறது. புதுசு மாதிரி இறுக்கமாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன், பாஸையும் ஏற்றிக்கொண்டு அந்தக் குழி ஒழுங்கைக்கு இன்னொரு முறை போய்வாருங்கள்.