காகிதமா, திரையா? மலையில் படம் வரையத் தொடங்குபவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதிதாக வரைய ஆரம்பிப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "வாட்டர்கலர் செட் வாங்கட்டுமா, டேப்லெட் வாங்கட்டுமா?" என்றுதான். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். கையில் இருக்கும் ஃபோன், ஒரு பென்சில், ஒரே ஒரு நீல வாட்டர்கலர் ட்யூப், ஒரு பிரஷ், நாலு தாள் போதும். ஒரே காட்சியைக் காகிதத்தில் ஒரு தடவையும் ஃபோனில் ஒரு தடவையும் வரைந்து பாருங்கள். காசு செலவழிப்பதை அப்புறம் யோசிக்கலாம்.

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. வீடியோக்களில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் சமவெளிக்காரர்களுக்கானவை. மதுரையில் மின்விசிறிக்குக் கீழே சட்டென்று காயும் வாட்டர்கலர், ஐப்பசி மழையில் குன்னூரில் அரை மணி நேரம் ஆனாலும் ஈரமாகவே கிடக்கும். மீடியத்தை, அதாவது எதைக் கொண்டு வரைவது என்பதை, தேர்ந்தெடுப்பதில் உங்கள் ரசனைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, இங்கே வானிலைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

முதல் படி: எங்கே, எப்போது உட்காரப் போகிறீர்கள்?

நீலகிரியில் எல்லா ஊருக்கும் மழை ஒன்றுபோல் வருவதில்லை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்கு மேல் வரும் வடகிழக்கு மழைதான் பெரிது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். ஆகவே ஒரு தாளில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: வாரத்தில் உங்களுக்கு மெய்யாகவே ஓய்வு கிடைக்கும் நேரம் எது, அந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள். வீட்டு ஜன்னலோரமா, குன்னூர் சிம்ஸ் பூங்கா பெஞ்சா, பஸ் வரும்வரை காத்திருக்கும் நிழற்குடையா? "கோடநாடு காட்சிமுனையில் உட்கார்ந்து வரைவேன்" என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை போனாலே பெரிசு. தினமும் இருக்கும் இடத்தை எழுதுங்கள்.

இரண்டாம் படி: ஒவ்வொரு மீடியமும் இந்தக் குளிரில் எப்படி நடந்துகொள்ளும்?

பென்சிலில் சிக்கல் குறைவு. எச்பி ஒன்று, அதைவிட மென்மையாகக் கருமையாக எழுதும் 4பி ஒன்று போதும். காற்றில் ஈரம் ஏறிய நாளில் தாள் கொஞ்சம் மெத்தென்று ஆகிவிடும். அழுத்தி எழுதினால் பள்ளம் விழும், ரப்பர் போட்டால் நார் பிய்ந்து வரும். அன்றைக்கு மட்டும் கையை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பால்பாயின்ட் பேனா இன்னும் நல்லது. அதன் மை எண்ணெய் கலந்தது, சாரல் பட்டாலும் ஜெல் பேனா மாதிரி கரைந்து ஓடாது.

வாட்டர்கலர் என்பது நிறப்பொடியும் கருவேலம் பிசின் வகையைச் சேர்ந்த கோந்தும்தான். கோந்து இருப்பதால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கலர் பெட்டியை ஈரத்தோடு மூடி வைத்தால் மழைக்காலத்தில் சீக்கிரமே மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், போஸ்டர் கலர் பாட்டிலும் அப்படியே. வேலை முடிந்ததும் திறந்து வைத்துக் காயவிட்டு மூடுங்கள். மெதுவாகக் காய்வதில் ஒரு லாபமும் இருக்கிறது: ஈரத்தின் மேல் ஈரமாக நிறத்தைப் பரவவிடும் வேலைக்கு நிறைய நேரம் கிடைக்கும். மூடுபனி வரைய இதைவிடத் தோதான மீடியம் கிடையாது என்பது என் கட்சி.

அக்ரிலிக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது வெறுமனே தண்ணீர் வற்றுவதால் மட்டும் கெட்டியாவதில்லை. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்து படலமாக மாற வேண்டும். வெப்பநிலை ஏறக்குறைய 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்தச் சேர்க்கை சரியாக நடக்காது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், பிற்பாடு பொடியும் அல்லது வெடிக்கும். ஜனவரியில் ஊட்டியில் ராத்திரி வரைந்த அக்ரிலிக்கை வெளித் திண்ணையில் காய வைக்காதீர்கள். பகலில் வரைந்து, அடுப்படிக்குப் பக்கத்து அறையில் விட்டுவிடுங்கள்.

ஆயில் கலர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். குளிரில் அதற்கு நாட்கணக்கில், தடித்த பூச்சு என்றால் வாரக்கணக்கில் பிடிக்கும். டர்பென்டைன் வாடைக்கு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மார்கழியில் எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? தொடக்கத்துக்கு வேண்டாம், விடுங்கள்.

இந்த மலைக்கென்றே பழைய மீடியம் ஒன்று உண்டு. இங்குள்ள பழங்குடியினரான ஆலு குறும்பர்கள் வேங்கை மரப் பிசின், மண், கரி, இலைச்சாறு ஆகியவற்றைக் கொண்டு வரையும் ஓவியங்கள் அவை. தேன் எடுப்பதும் சடங்குகளும்தான் அதில் அதிகம் வரும். எங்காவது விற்பனைக்கோ கண்காட்சிக்கோ வைத்திருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். நாலைந்து நிறத்துக்குள் எவ்வளவு சொல்ல முடியும் என்பது புரியும்.

இனி ஃபோனும் டேப்லெட்டும். காய வேண்டியதில்லை, பூஞ்சை இல்லை, தண்ணீர் டப்பா தேவையில்லை. ஆனால் திரையில் விழும் சாரல் துளியைச் சில ஃபோன்கள் விரல் என்றே நினைத்துக்கொள்ளும், கோடு தானாக எங்கோ இழுக்கும். சாதாரணக் கம்பளிக் கையுறையோடு தொட்டால் வேலை செய்யாது. கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் எப்போது கரண்ட் வரும் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் மேகம் கறுக்கும்போதே சார்ஜ் போட்டுவிடுங்கள். சிக்னல் கிடைக்காத எஸ்டேட்டில் இருந்தாலும் கவலை இல்லை. வரையும் செயலிகள் பெரும்பாலும் இணையம் இல்லாமலே ஓடும்; ஒரு தடவை இறக்கி வைத்திருந்தால் போதும்.

மூன்றாம் படி: சாமான்

காகிதத்துக்கு: ஏ5 அளவில் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) வாட்டர்கலர் தாள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மெல்லிய தாள் நம் ஊர் ஈரத்தில் நெளிந்துவிடும். பிரஷ்யன் ப்ளூ அல்லது இன்டிகோ ட்யூப் ஒன்று, 8-ம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒன்று, தாளை அட்டையில் ஒட்ட மாஸ்கிங் டேப், பழைய பனியன் துணி.

திரைக்கு: ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் இபிஸ் பெயின்ட் அல்லது ஸ்கெட்ச்புக் செயலி, இலவசமாகவே ஆரம்பிக்கலாம். கணினி இருந்தால் கிரிட்டா முழுக்க இலவசம். புரோக்ரியேட் ஐபேடில் மட்டும் ஓடும். ஒரு தடவை காசு கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ரப்பர் முனை வைத்த மலிவான ஸ்டைலஸ் விரலுக்குப் பதில்தான், அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்காது. அதனால் முதல் படத்துக்கு விரலே போதும்.

நான்காம் படி: காகிதத்தில் ஒரு மலைத்தொடர்

காட்சி இதுதான்: முன்னால் தேயிலைச் சரிவு, அதில் இரண்டு மூன்று சில்வர் ஓக் மரம், பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மலை, நடுவே பள்ளத்தாக்கில் பனி. கேத்தியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இப்படி ஒரு காட்சி கிடைக்கும். வெளியே போக முடியாவிட்டால் நீங்களே எடுத்த புகைப்படம் போதும்.

வரைவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். தூரத்து மலை வெளுப்பாகவும் கிட்ட உள்ளது கருமையாகவும் இருக்கும், இது எல்லாருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. பனி பள்ளத்தில்தான் தங்கும். அதனால் ஒவ்வொரு மலைக்கும் உச்சி விளிம்பு தெளிவாகவும், அடிவாரம் கரைந்துபோனதாகவும் இருக்கும். அடிவாரத்தையும் உச்சியைப் போலவே அழுத்தமாகத் தீட்டினால் எவ்வளவு நல்ல நீலம் போட்டாலும் பனி வராது.

தாளின் நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். எச்பி பென்சிலால் மலைகளின் மேல் விளிம்பை மட்டும் கோடாகப் போடுங்கள், உள்ளே எதுவும் வேண்டாம். கிண்ணத்தில் நிறைய தண்ணீரில் ஒரு துளி நீலம் கரைத்து, வானத்திலிருந்து கீழே இறங்க இறங்க வெறும் தண்ணீராகும்படி பூசுங்கள். காய விடுங்கள். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள்: ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். நம் ஊரில் தாள் எப்போதுமே கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்கும் என்பதால், பக்கத்தில் பூசாத வெற்றுத்தாள் ஒன்றையும் தொட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தூரத்து மலை. கொஞ்சம் கூடுதல் நீலம் எடுத்து உச்சி விளிம்பை ஒட்டிப் பட்டையாக ஒரு இழுப்பு. அது காய்வதற்குள் பிரஷைக் கழுவி, துணியில் ஒற்றி, வெறும் ஈர முனையால் அந்தப் பட்டையின் கீழ் ஓரத்தைத் தொட்டுக் கீழே இழுங்கள். நிறம் தானாக வழிந்து கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். அதுதான் பனி. வெள்ளைக் கலர் தேவையே இல்லை, தாளின் வெண்மையே வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிரஷில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டிய கறை விழும். ஒற்றி எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது மலை, மூன்றாவது மலை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு பிடி கருமையாக. கடைசியில் தேயிலைச் சரிவு: ட்யூபிலிருந்து கெட்டியாக எடுத்து, உலர்ந்த பிரஷின் பக்கவாட்டால் தேய்த்தால் செடிகளின் சொரசொரப்பு வரும். சில்வர் ஓக் தண்டுகளை முனையால் நேராக இழுங்கள். இலைகளை எண்ண வேண்டாம். ஒவ்வொரு பூச்சும் காய்வதற்கு இடையில் ஒரு டீ குடிக்கலாம். மழை நாள் என்றால் சமையலையே முடிக்கலாம்.

ஐந்தாம் படி: அதே காட்சி, திரையில்

ஏ4 அளவு அச்சுக்குப் போக வேண்டும் என்றால் 2480 × 3508 பிக்சல். பழைய ஃபோன் திணறினால் பாதியாகக் குறையுங்கள். கேன்வாஸ், அதாவது வரையும் பரப்பு, பெரிதானால் கிடைக்கும் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் மாதிரியான அடுக்கு) எண்ணிக்கை குறையும். அடியில் வான லேயர், அதற்கு மேல் தூரத்து மலை, அப்புறம் நடு மலை, கிட்ட மலை, எல்லாவற்றுக்கும் மேலே தேயிலை. ஒவ்வொன்றுக்கும் தனி லேயர்.

மலையை லாஸோவால் (கோடு சுற்றி ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கருவி) சுற்றி ஒரே நிறத்தில் நிரப்புங்கள். அந்த லேயரில் ஆல்ஃபா லாக் போட்டுவிட்டால் மலைக்கு வெளியே நிறம் சிந்தாது. ஏர்பிரஷைப் பெரிதாக வைத்து, ஓபாசிட்டியை (நிறத்தின் அடர்த்தியை) குறைத்து, வானத்தின் நிறத்தையே எடுத்து அடிவாரத்தில் லேசாக ஊதுங்கள். இதே மாதிரி மற்ற இரண்டுக்கும். தேயிலைக்குச் சொரசொரப்பான பிரஷ் ஒன்று. தண்ணீரும் காத்திருப்பும் இல்லாமல் காகிதத்தில் செய்த அதே வேலைதான்.

இங்கே இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒன்று, ஜூம் செய்யாதீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மரத்திலேயே ஒரு மணி நேரம் போய்விடும், முழுப் படத்தில் அது புள்ளிதான். இரண்டு, பிரஷ் பட்டியலுக்குள் போய் உலாவாதீர்கள். கடைசியாகப் போட்டதை நீக்கும் அன்டூவைத் தாராளமாக அமுக்குங்கள், அதற்காகத்தானே திரைக்கு வந்தோம்.

ஆறாம் படி: பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

காகிதப் படத்தை ஃபோனில் படமெடுங்கள். மேகமூட்டமான பகல் இதற்கு நல்ல நேரம், நிழல் விழாது. அப்புறம் இரண்டு படத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மூன்று மலையும் தனித்தனியாகத் தெரிந்தால் டோன், அதாவது வெளுப்பும் கருமையும், சரியாக அமைந்திருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தால், திரையில் லேயரின் நிறத்தை மாற்றினால் சரியாகிவிடும். காகிதத்தில் இன்னொரு பூச்சு போட்டுக் கருமையாக்கலாம், வெளுப்பாக்குவது கஷ்டம்.

இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துத்தான் உங்களுக்கு வரும் என்றால், அல்லது லோகோ, புத்தக அட்டை, வாட்ஸ்அப் வாழ்த்து மாதிரி பிறர் திருத்தம் சொல்லும் வேலை செய்ய நினைத்தால், திரைப் பக்கம் போங்கள். ஒரு பூச்சைப் போட்டுவிட்டு அது எங்கே போகிறதென்று வேடிக்கை பார்ப்பது பிடித்திருந்தால் காகிதம். எட்டு மணி நேரம் கணினி முன்னால் உட்காரும் வேலையில் இருப்பவர்களுக்கு, எவ்வளவு வசதி சொன்னாலும் நான் காகிதத்தைத்தான் கைகாட்டுவேன். கண்ணுக்கு வேறு வேலை வேண்டும்.

இரண்டையும் கலப்பதில் தப்பே இல்லை. சிம்ஸ் பூங்கா அமைந்த அதே 1874-ல் ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் நீலகிரிக்கு வந்தார். இடத்தில் உட்கார்ந்து பென்சிலில் வேகமாகக் கோடு போட்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்தின் மேலேயே எழுதிக்கொள்வார். மையும் வண்ணமும் பிற்பாடு, அறையில். சாரல் எப்போது வரும் என்று தெரியாத ஊருக்கு இது கச்சிதமான முறை. நீங்கள் வெளியே பால்பாயின்டில் கோடும் குறிப்பும் எடுத்து, வீட்டுக்கு வந்து அதைப் படமெடுத்து, ஃபோனில் நிறம் கொடுங்கள். ஜூன் முதல் நான் பெரும்பாலும் இப்படித்தான். மழை ஓய்ந்து ஜனவரி வெயில் வந்ததும் வாட்டர்கலருக்குத் திரும்பிவிடுவேன்.

எது வாங்கலாம், எப்படிப் பாதுகாக்கலாம்

காகிதம் என்று முடிவானால் அடுத்து வாங்க வேண்டியது மஞ்சள் ஒன்று, பழுப்புச் சிவப்பான பர்ன்ட் சியன்னா ஒன்று. இருக்கும் நீலத்தோடு கலந்தால் தேயிலைப் பச்சை, சோலைப் பச்சை, செம்மண் எல்லாம் கிடைக்கும். 24 நிறப் பெட்டி வேண்டாம். முடித்த படங்களை முழுக்கக் காய்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கவரில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மழைபடும் சுவரில் சாய்த்து வைத்தால் பழுப்புப் புள்ளி விழும்.

திரை என்று முடிவானால், கணினி வைத்திருப்பவர்கள் திரையில்லாத பேனா டேப்லெட்டில் (கணினியோடு இணைத்து, பேனாவால் வரையும் பலகை) தொடங்கலாம், 3,000-4,000 ரூபாயில் கிடைக்கும். கை ஓரிடம், கண் ஓரிடம் என்பது பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். படத்தை அஞ்சலட்டையாக அச்சடிக்க நினைத்தால் 6 × 4 அங்குலத்துக்கு 1800 × 1200 பிக்சல் வையுங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் கொழுந்துப் பச்சை அச்சில் மங்கிவிடும். மொத்தமாக ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு அட்டை அச்சடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.