கேம் நடுவே ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்: கையை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரவுசரில் நாள் முழுக்க வீடியோ ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. கேமைத் திறந்து பத்து நிமிடம் போனதும் திரை சட்டென்று கறுக்கிறது, விசிறிகள் ஒரு கணம் அடங்குகின்றன, மதர்போர்டின் முத்திரை மறுபடி வந்து நிற்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் விண்டோஸை அழித்து மறுபடி போடுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிக்கிறார்கள். நானும் அதே வழியில்தான் போனேன். விண்டோஸை இரண்டு முறை போட்டேன், டிரைவரை நான்கு முறை மாற்றினேன். கடைசியில் கோளாறு கிராபிக்ஸ் கார்டுக்குப் போன ஒரு பவர் கேபிளில் இருந்தது. பல வாரங்கள் வீணானதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: மெஷின் எப்படி நின்றது என்பதைக் கவனிக்காமலேயே வைத்தியத்தில் இறங்கிவிட்டேன்.

நின்ற விதத்தைக் கவனிக்காமல் விடுவது

"ரீஸ்டார்ட் ஆகிறது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. நீலத்திரை ஒரு நொடி மின்னிவிட்டு ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸ் பிழையைக் கண்டு தானே நிறுத்தியிருக்கிறது என்று பொருள். எதுவுமே தோன்றாமல் நேராக ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸுக்கு மூச்சு விடக்கூட நேரம் கிடைக்கவில்லை. முழுக்க அணைந்துபோய், பிளக்கைப் பிடுங்கிச் செருகும்வரை எழவே மறுத்தால், பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்பு வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். திரை மட்டும் கறுத்து, பின்னணியில் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தால் அது ரீஸ்டார்ட்டே அல்ல. கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர் விழுந்திருக்கிறது.

முதல் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம், ஏனென்றால் நீலத்திரை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை வந்தால் அப்படியே நிற்கும், படித்துக் குறித்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் எதுவும் தோன்றாமல் ரீஸ்டார்ட் ஆனால், மென்பொருளைத் தோண்டுவதை ஓரமாக வைத்துவிட்டு மின்சாரம், ராம், பிராசஸர் பக்கம் திரும்பலாம். ஒரு டிக் இத்தனை தூரம் வழி காட்டும். ஆனாலும் இதைச் செய்து பார்ப்பவர்கள் குறைவு.

பெயரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். பெயரில் 'பவர்' என்று இருப்பதால் பலர் அன்றைக்கே புது பவர் சப்ளை வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது இவ்வளவுதான்: போன முறை கம்ப்யூட்டர் முறைப்படி அணையவில்லை. மெஷின் திரும்ப எழுந்த பிறகு எழுதப்படும் பதிவு அது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41 வரும்.

அதன் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குள் 'பக்செக்கோட்' என்ற எண்ணைப் பாருங்கள். 0 என்று இருந்தால் நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை. 278 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் போய், மீட்கும் முயற்சியும் தோற்றிருக்கிறது. 292 என்றால் வன்பொருளே பிழையை அறிவித்திருக்கிறது. இந்த எண்கள் பதின்ம முறையில் இருக்கும், இணையத்தில் உள்ள பட்டியல்களோ பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் இருக்கும். அப்படியே தேடினால் தப்பான பக்கத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். கால்குலேட்டரில் மாற்றிவிட்டுத் தேடுங்கள். அதே நேரத்தை ஒட்டி வன்பொருள் பிழையைக் குறிக்கும் 'வியா-லாகர் 18' என்ற பதிவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பிராசஸர், ராம், அவற்றின் வோல்டேஜ் ஆகியவற்றின் பக்கம்தான் வழி போகிறது.

எல்லாவற்றுக்கும் சூட்டைக் குற்றம் சாட்டுவது

தூசி தட்டுவதும் பிராசஸர் மேல் பூசும் பேஸ்ட்டை மாற்றுவதும் நல்ல பழக்கம். ஆனால் இன்றைய பிராசஸர்கள் சூடானவுடன் விழுந்துவிடுவதில்லை. முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இன்டெலின் பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பல சிப்கள் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிலைத்து ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆகவே சூடுதான் காரணம் என்றால் ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் கேம் திணறியிருக்க வேண்டும். 90 டிகிரியைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

சூட்டுக்கு ஒரு குணம் உண்டு. மெஷின் குளிர்ந்திருக்கும்போது அரை மணி தாங்கும். விழுந்தவுடன் மறுபடி ஆடினால் ஐந்தே நிமிடத்தில் விழும். மின்சாரக் கோளாறுக்கு இந்தக் கணக்கு கிடையாது. கேம் ஏற்றப்படும் திரையிலோ, மெனுவிலோ, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் நொடியிலோ விழும். 'எச்டபிள்யூ இன்ஃபோ' போன்ற மென்பொருளில் அளவீடுகளைக் கோப்பில் எழுத வைத்துவிட்டு ஆடுங்கள். ரீஸ்டார்ட் ஆனபின் அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். சூடு ஏறிக்கொண்டே வந்ததா, எல்லாம் சாதாரணமாக இருந்து திடீரென்று அறுந்ததா என்பது அங்கே தெரிந்துவிடும்.

வாட் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவது

"பிராசஸர் 125 வாட், கார்டு 320 வாட், என்னிடம் 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இருக்கிறது, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் பலர். கூட்டல் சரிதான், ஆனால் கார்டின் மேல் எழுதியிருக்கும் வாட் ஒரு சராசரி. பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் மில்லிநொடிக் கணக்கில் அதற்கு இரு மடங்கு வரைகூட இழுக்கும். சாதாரண அளவீட்டு மென்பொருளின் கண்ணில் அது படாது, பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்றின் கண்ணில் பட்டுவிடும். இந்தத் துள்ளல்களைக் கருத்தில் கொண்டுதான் 2022-இல் பவர் சப்ளைகளுக்கு வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, உயர்நிலைப் பவர் சப்ளைகள் தங்கள் திறனைப் போல இரு மடங்கை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று கேட்டது. அதற்கு முந்தைய தலைமுறையிலும் நன்றாகத் தாங்குபவை உண்டு. ஆனால் வயதாகிப்போன, மலிவான ஒன்று நாள் முழுக்க அலுவலக வேலையைப் பார்த்துவிட்டு கேமில் மட்டும் மண்டியிடுவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது கேபிள். கார்டுக்கு மின்சாரம் தரும் எட்டு முனை இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் என்பது விதி. ஒரே கேபிளின் நுனியில் இரண்டு இணைப்புத் தலைகள் தொங்கும். அந்த இரண்டையும் கார்டில் செருகிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறோம். இணைப்பு இரண்டானாலும் பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பி ஒன்றுதான். அதிகம் இழுக்கும் கார்டுக்கு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். என் மெஷினின் நோயும் இதுதான்.

எதையும் வாங்காமல் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் ஃப்ரேம் எண்ணிக்கையை 60-க்குக் கட்டுப்படுத்துங்கள். பிறகு வழக்கமாக விழும் அதே கேமை ஆடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் சந்தேகம் பவர் சப்ளை, கேபிள், கார்டு என்ற மூன்றுக்குள் சுருங்கிவிடும். பவரைக் குறைத்தால் கார்டின் சூடும் வேகமும் சேர்ந்தே குறையும், அதனால் கார்டையும் நிரபராதி என்று விட்டுவிட முடியாது. தெரிந்தவரிடம் போதிய திறனுள்ள பவர் சப்ளையை ஒருநாள் இரவல் வாங்கி ஓட்டிப் பார்ப்பதே இதைத் தீர்க்கும்.

இரவல் வாங்கும்போது அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளைகளில், சப்ளைப் பக்கத்து முனைகளின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட அது மாறலாம். பழைய கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போய் டிஸ்க்குகளை எரித்துவிடும். படங்களும் ஆவணங்களும் அதோடு போய்விடும். பவர் சப்ளையின் பெட்டியைத் திறந்து உள்ளே கை வைப்பதும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

யூபிஎஸ் வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் அதையும் ஒருமுறை விலக்கி, கம்ப்யூட்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில் இணைத்துப் பாருங்கள். யூபிஎஸ் மேல் பெரிதாக எழுதியிருப்பது விஏ அளவு. அது தரக்கூடிய வாட் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

எக்ஸ்எம்பி-யை இயல்பு நிலை என்று நம்புவது

ராம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் ஓவர்கிளாக் வேகம், அதாவது இயல்பைவிட விரட்டி எடுக்கும் வேகம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில்) அந்த வேகத்தைத் தரும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ-வை இயக்கும்போது ராமை மட்டுமல்ல, பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலரையும் சேர்த்தே விரட்டுகிறோம். ஒரு வருடம் சரியாக ஓடியது என்பதும் சான்றாகாது. பயாஸ் புதுப்பிப்பு, கூடுதல் ராம் குச்சி, சிப்பின் தேய்மானம் என்று எது வேண்டுமானாலும் அந்த விளிம்பிலிருந்து தள்ளிவிடலாம். அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஆடுங்கள். இரண்டே குச்சிகள் என்றால், நான்கு இடமுள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் அவற்றுக்கான இடம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிழை காட்டினால் நம்பலாம். பிழை காட்டாவிட்டால் ராம் தப்பித்தது என்று எழுதிவிடாதீர்கள். பிராசஸர் வோல்டேஜை எப்போதோ குறைத்து வைத்து மறந்திருந்தால் அதையும் இயல்புக்குத் திருப்புங்கள்.

உங்களிடம் இருப்பது இன்டெலின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் என்றால் தனியாக ஒரு சொல். அவற்றில் சில அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலைகின்றன என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாக மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதம் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. திருத்தம் மேலும் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்ட சிப்பைச் சரிசெய்யாது. எல்லாவற்றையும் சோதித்தும் மிஞ்சி நிற்பது பிராசஸர்தான் என்றால் உத்தரவாதத்தைக் கேளுங்கள்.

பயாஸைப் புதுப்பிக்கிறேன் என்று, தானாக ரீஸ்டார்ட் ஆகும் அதே மெஷினில் விண்டோஸுக்குள்ளிருந்தே தொடங்குவது பெரிய ஆபத்து. பாதியில் நின்றால் போர்டே எழாமல் போகலாம். முதலில் இயல்பு அமைப்புகளுக்குத் திருப்பிவிட்டு, பென்டிரைவில் கோப்பை வைத்து, பயாஸுக்குள் இருக்கும் கருவியாலேயே செய்யுங்கள்.

ஒரே நாளில் ஐந்தை மாற்றுவது

டிரைவர், ராம் வேகம், கேபிள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிக் கோளாறு போய்விட்டால் நிம்மதிதான். ஆனால் அடுத்த மாதம் திரும்பி வந்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்? ஒன்றை மாற்றுங்கள், தேதியோடு குறியுங்கள், ஆடிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்பதை நோயின் வேகம்தான் சொல்லும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்த மெஷின் மூன்று மணி நேரம் தாங்கினால் நம்பலாம். வாரத்துக்கு ஒருமுறை விழுவது என்றால் மூன்று மணி நேரம் எதையும் நிரூபிக்காது. கிராபிக்ஸ் கார்டை முழு மூச்சில் ஓட்டும் ஃபர்மார்க் போன்ற சோதனையில் தேறியதும் போதாது. அது ஒரே சீராக இழுக்கும், கேமோ நொடிக்கு நொடி ஏறி இறங்கும்.

கோளாறைப் பிடித்து, பொருளை மாற்றி, ரீஸ்டார்ட் நின்ற பிறகும் ஒரு குறிப்பிட்ட கேம் மட்டும் மூடிக்கொண்டால் புதுப் பொருளைச் சந்தேகிக்காதீர்கள். அத்தனை முறை திடீரென்று அறுந்ததில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் சில பாழாகியிருக்கலாம். கேம் லாஞ்சரில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியையும், விண்டோஸில் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' கட்டளையையும் ஒருமுறை ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.