ஸ்விங் கீல் படகு: தண்ணீரில் இறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கீல் என்றதும் நமக்குக் கதவுதான் நினைவுக்கு வரும். டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் சிறு பாய்மரப் படகின் ஸ்விங் கீலும் ஏறக்குறைய அப்படித்தான் இயங்குகிறது. படகின் அடியில் ஒரே பின்னில் (அச்சாணியில்) மாட்டிய கனத்த இரும்புத் தகடுதான் கீல்; கேபிளால் அதைத் தூக்கும் வின்ச்சைச் சுற்றினால் பின்பக்கமாக மேலே மடங்கும். கேட்டலினா 22 படகில் இதன் எடை சுமார் 250 கிலோ. இறக்கினால் 5 அடி ஆழம் தேவை, தூக்கினால் 2 அடி போதும். சாய்ந்த படகை இழுத்து நிமிர்த்துவது இந்த எடைதான். அது கீழே இருந்தால்தான் முழுப் பலன்.

1. முதலில் கேபிள். கீலை டிரெய்லர் தாங்கியில் உட்காரவைத்து, கேபிளைத் தளர்த்துங்கள். பழைய துணியால் கேபிளைப் பிடித்து முழு நீளமும் உருவுங்கள். அறுந்த இழை துணியில் மாட்டும். வெறுங்கையால் செய்தால் விரல் கிழியும். இரு முனைகளிலும் கேபிள் உலோகக் குப்பிக்குள் நுழையும் இடத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஆனாலும் உள்ளே உப்புநீர் தங்கி அரிக்கும், வெளியே பழுப்புக் கறை மட்டும் தெரியும். கறையோ அறுந்த இழையோ இருந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்: ஓட்டத்தில் அறுந்தால் கீல் முழு எடையோடு விழுந்து படகின் அடியையே பிளக்கலாம்.

2. கேபிள் வெளியேறும் குழாயின் ரப்பர் ஹோஸை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதிதாகப் போடுங்கள். அது கழன்றால் படகுக்குள் தண்ணீர் ஏறும்.

3. கீலின் கீழ்முனையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மிகுதியாக ஆடி, "டொக்" என்று சத்தம் வந்தால் பின்னோ அதன் துளையோ தேய்ந்திருக்கிறது. கேபிளில் மட்டும் தொங்கும் கீலுக்குக் கீழே கையையோ தலையையோ நீட்டவே கூடாது. கட்டைகளை அடுக்கித் தாங்குகொடுத்த பிறகே வேலை.

4. படகு மிதந்ததும் வின்ச் கைப்பிடியை விடாமல் மெதுவாகச் சுற்றி இறக்குங்கள். கை நழுவினால் சுழலும் கைப்பிடி எலும்பை முறிக்கும். கேபிள் தளர்ந்த உடனே நிறுத்துங்கள். மேலும் விட்டால் டிரம்மில் சிக்கும். ஓடும்போது கேபிள் ரீங்காரமிட்டால் பயப்பட வேண்டாம், நீரோட்டத்தில் அது அதிர்வதுதான் காரணம்.

5. இறக்கிய கீலை அசையாமல் பிடிக்கும் பூட்டு போல்ட்டில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். படகு 90 டிகிரிக்கு மேல் கவிழ்ந்தால், பூட்டாத கீல் தன் எடையாலேயே உள்ளே மடங்கிவிடும்; நிமிர்த்தும் விசை மிக வேண்டிய நேரத்தில் குறைந்துபோகும். ஆகவே ஆழமான நீரில் பூட்டுங்கள். ஆழம் குறையும் இடத்தில் தளர்த்துங்கள், இல்லையேல் தரை தட்டும்போது கீல் மடங்க வழியின்றி படகின் அடி உடையும். எவ்வளவு இறுக்குவது என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேடே அளவு.

காற்று வலுக்கும் முன்பே பாயைச் சுருக்குங்கள். பலத்த காற்றில் மெயின்ஷீட் (பெரிய பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு) கையிலேயே இருக்கட்டும், கட்டிவைக்க வேண்டாம். இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகளின் மூடிகளைப் பூட்டி, உள்ளறை வாசலையும் அடையுங்கள். சாய்ந்த படகு மூழ்குவது பெரும்பாலும் அவற்றின் வழியே புகும் நீரால்தான்.

திரும்பியதும் டிரெய்லரில் கீலின் எடையைத் தாங்கியின்மேல் இறக்கிவிட்டு, கேபிளின் தளர்ச்சியை மட்டும் எடுங்கள். தூக்கியபடியே ஓட்டினால் சாலையின் ஒவ்வொரு குழியும் அந்தக் கேபிளில்தான் அடிக்கும்.