புளூடூத் லைப்ரரி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பல ஓஎஸ்களில் ஓட வேண்டிய ஒரு புளூடூத் லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) லினக்ஸில் ஓடிவிட்டது, இனி விண்டோஸ், மேக்ஓஎஸ் எல்லாம் ஒரு வார வேலை என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். நானும் அப்படி நினைத்தவன்தான்.

என்னை அதிகம் அலைய விட்டது சாதனத்தின் முகவரி. லினக்ஸும் விண்டோஸும் அதன் ஆறு பைட் மேக் (MAC) முகவரியைத் தருகின்றன. ஆப்பிளின் புளூடூத் ஃபிரேம்வொர்க்கான கோர்புளூடூத் தராது. (மேக் கணினியில் மேக் முகவரி கிடைக்காது என்பது தனி வேடிக்கை.) அதற்குப் பதிலாக ஒரு யூயூஐடி (நீளமான அடையாள எண்) வரும். அதே சாதனத்தை வேறொரு கணினியில் தேடினால் அந்த யூயூஐடியும் வேறு. சரி, லினக்ஸிலாவது முகவரியை நம்பலாமா என்றால், தனியுரிமைக்காக முகவரியை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் சாதனங்கள் உண்டு. "இணை" என்ற ஃபங்ஷன் மேக் முகவரியைக் கேட்கும்படி ஒருமுறை வெளியிட்டுவிட்டால், பிறகு மாற்றும்போது பயன்படுத்துகிற எல்லோருடைய நிரலும் உடையும். ஸ்கேனில் கிடைத்த ஆப்ஜெக்டையே அந்த ஃபங்ஷன் வாங்கிக்கொள்ளட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரிய வேண்டாம்.

மதிப்பு மாறும்போது சாதனமே நமக்குச் சொல்லும் நோட்டிஃபிகேஷனும் இப்படித்தான். அதை இயக்க, ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் சாதனத்தின் 2902 டிஸ்கிரிப்டர் என்ற அமைப்பில் நாமே எழுத வேண்டும். லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸீயும் கோர்புளூடூத்தும் அதைத் தாமே செய்துவிடும். கோர்புளூடூத்தில் நாம் நேரடியாக எழுதப் போனால் அனுமதிக்காது. டிஸ்கிரிப்டரை வெளியே காட்டாமல் "சந்தா சேர்" என்று ஒரே ஃபங்ஷன் வைத்தால் போதும்.

அப்புறம், ஒரே தடவையில் அனுப்பக்கூடியது 20 பைட்தான் என்ற வரம்பு. பிஎல்இ (குறைந்த மின்சக்தி புளூடூத்) இணைப்பின் தொடக்க எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 23 பைட். தலைப்புக்கு 3 போனால் மிச்சம் 20. ஐஓஎஸ் பெரிய அளவைத் தானே பேசி முடிக்கும். ஆண்ட்ராய்டில் நாம் கேட்க வேண்டும். ஐபோனில் மட்டும் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. ஆண்ட்ராய்டில் இன்னொன்று: முந்தைய கோரிக்கைக்குப் பதில் வருமுன் அடுத்ததை அனுப்பினால் அது ஏற்கப்படாது. லைப்ரரிக்குள்ளேயே ஒரு வரிசை வேண்டும்.

அனுமதிகளை ரீட்மீயில் எழுதிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ஸ்கேனுக்கும் இணைப்புக்கும் தனித்தனி அனுமதி. 6 முதல் 11 வரையான பதிப்புகளில் ஸ்கேனுக்கு இருப்பிட அனுமதி. ஐஓஎஸ்ஸில் இன்ஃபோ.பிளிஸ்ட் என்ற செயலியின் அமைப்புக் கோப்பில் புளூடூத் எதற்கு என்று காரணம் எழுதாவிட்டால் செயலியே விழுந்துவிடும்.

தானியங்கிச் சோதனையின் பச்சை டிக்கை நம்பி எந்த மாற்றத்தையும் மெர்ஜ் செய்யாதீர்கள் (மூல நிரலோடு சேர்க்காதீர்கள்). அந்தச் சோதனை ஓடும் மெய்நிகர்க் கணினிகளில் பொதுவாக புளூடூத் ரேடியோவே இருக்காது. மாக் (mock, போலிச் சாதனம்) வைத்துச் சோதித்தால் மேலே சொன்ன ஒன்றுகூட அதில் மாட்டாது. எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு, எந்தச் சாதனம் என்று கையால் சோதித்த விவரம் இல்லாத புல் ரிக்வெஸ்டை (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி வரும் கோரிக்கையை) நான் இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன்.