மீந்ததை மறுநாள் சமையலாக்குவது எப்படி

மீந்த சோறும் குழம்பும் மறுநாள் ருசிக்குமா என்பது முந்தைய இரவே முடிவாகிவிடுகிறது. காலையில் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு "இதை என்ன செய்வது" என்று யோசிப்பவருக்கு அது வெறும் மிச்சமாகவே தோன்றும். இரவு உண்டு முடித்த கையோடு, இது பழையதுக்கு, இது எலுமிச்சை சாதத்துக்கு, இது சுண்ட வைக்க என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய விதத்தில் எடுத்து வைத்தவருக்கோ மறுநாள் சமையலில் பாதி அப்போதே முடிந்திருக்கும். ஆகவே இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி இரவு வேலையைப் பற்றியதே.

முதலில், மீந்தது வேறு, எச்சில் வேறு. பாத்திரத்திலிருந்து கரண்டியால் எடுத்துப் பரிமாறி, கை படாமல் எஞ்சியதை மட்டுமே மறுநாளைக்கு வைக்க வேண்டும். தட்டில் எஞ்சியதும், குழம்போ தயிரோ கலந்துவிட்ட சோறும் இந்தக் கணக்கில் சேரா. கை பட்ட சோறு சீக்கிரம் ஊசிப்போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் ஆசாரம் அன்று.

பழைய சோற்றுக்குப் புழுங்கல் அரிசியே ஏற்றது. கஞ்சி வடித்துப் பொலபொலவென்று இருக்கும் சோறு இரவு முழுவதும் நீரில் ஊறினாலும் பருக்கை குலையாது. குக்கரில் குழைந்த பச்சரிசிச் சோறு காலையில் கூழாகிவிடும். சோற்றின் சூடு முழுவதும் ஆறிய பிறகே நீர் ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது ஊற்றிப் பாத்திரத்தை மூடிவிட்டால் வெதுவெதுப்பு நெடுநேரம் அடங்காமல், புளிப்புக்குப் பதில் கெட்ட வாடை வந்துவிடும். அகன்ற தட்டில் பரப்பி ஆற வைத்து, மண்சட்டியில் இட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி காய்ச்சி ஆற வைத்த நீரை ஊற்றி, மெல்லிய துணியால் மூடிச் சமையலறையின் குளிர்ந்த மூலையில் வைத்துவிடலாம். இரவில் உப்புப் போடத் தேவையில்லை.

பாலைத் தயிராக்கும் அதே வகையைச் சேர்ந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரவில் சோற்றிலும் வேலை செய்வதால்தான் அந்த இதமான புளிப்பு வருகிறது. கோடையில் எட்டு மணி நேரம் போதும். மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீராகாரத்தைத் தனியே வடித்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு முதலில் அதைக் குடிக்க வேண்டும். பிறகு சோற்றைக் கையால் லேசாகப் பிசைந்து, கெட்டி மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்ணலாம். மோர் மிளகாய், மாவடு, சுட்ட கருவாடு, சுண்டிய பழங்குழம்பு என்று தொட்டுக்கொள்வதற்கு எது இருந்தாலும் பொருந்தும். என்னைக் கேட்டால், நல்ல மாவடு இருக்கும் வீட்டில் வேறெதுவும் வேண்டியதில்லை. சோறு கொழகொழவென்று நூல் விட்டாலோ, புளிப்பு மணத்துக்குப் பதில் அழுகல் வாடை வீசினாலோ தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

நீரும் ஊற்றாமல் குளிர்பெட்டியிலும் வைக்காமல் சோற்றை அடுப்படியிலேயே இரவு முழுக்க விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதி நீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. எனவே தாளிப்பதற்கென்று ஒதுக்கும் சோற்றைப் பரப்பி ஆற வைத்து, வடித்த இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், மூடி போட்ட தட்டையான பாத்திரத்தில் குளிர்பெட்டிக்குள் வைத்து, மறுநாளே தீர்த்துவிட வேண்டும். குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து இறுகிப் பருக்கைகள் விறைத்து நிற்பதால், எலுமிச்சை சாதத்துக்கும் புளியோதரைக்கும் அது புதுச் சோற்றைவிட நன்றாக அமைகிறது. கையில் நீர் தொட்டுக் கட்டிகளை உதிர்த்துவிட்டு, தாளித்த வாணலியில் போட்டு ஆவி பறக்கும் வரை புரட்ட வேண்டும். தயிர் சாதத்துக்கு மட்டும் இந்த விறைப்பு ஆகாது. கொஞ்சம் பால் ஊற்றிக் கொதிக்க வைத்து மசித்து, ஆறிய பிறகு தயிர் சேர்த்தால்தான் குழைவு திரும்ப வரும்.

குழம்புகளில் எது தாங்கும், எது தாங்காது என்பதைப் புளியும் தேங்காயும் சொல்லிவிடும். வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, மீன் குழம்பு ஆகியவற்றில் புளியும் உப்பும் எண்ணெயும் தூக்கலாக இருப்பதால் அவை நின்று பேசும். மீன் குழம்பு மறுநாள்தான் மீனுக்குள் இறங்குகிறது என்பது அதை உண்டவர்களுக்குத் தெரியும். பருப்பும் காயும் சேர்ந்த சாம்பார் அத்தனை தாங்காது. தேங்காய் அரைத்த கூட்டும் சட்னியும் முதலில் கெடுபவை. அவற்றை அளவாகச் செய்து அன்றே முடித்துவிடுவது நல்லது. எந்தக் குழம்பானாலும் இரவு ஒருமுறை தளதளவென்று கொதிக்க விட்டு, ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் வேண்டிய அளவை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்க வேண்டும். முழுப் பாத்திரத்தையும் எடுப்பதும் காய்ச்சுவதும் திரும்ப வைப்பதுமாக இருந்தால் ருசியும் போகும், குழம்பும் கெடும். கெட்டிப்பட்ட சாம்பாருக்கு வெந்நீர் விட்டு, நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் புதிதாகத் தாளித்துக் கொட்டினால் பழைய வாடை அண்டாது.

விருந்துக்கு மறுநாள் திருநெல்வேலிப் பக்கம் வைக்கும் சுண்டக்கறியையும், நாஞ்சில் நாட்டார் பழங்கறி என்று சொல்வதையும் தனியே குறிப்பிட வேண்டும். மீந்த சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி, மூடாமல், சிறு தீயில், அடிப்பிடிக்காமல் கிளறிக் கிளறிச் சுண்ட வைப்பதுதான் முறை. பாயசத்தையும் தயிர்ப் பச்சடியையும் இதில் சேர்க்கக் கூடாது. அவியலில் தேங்காய் இருப்பதால் முதல் கொதியை அன்றிரவே கொடுத்துவிட வேண்டும். நீர் வற்றி எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, காய்கள் ஒன்றோடொன்று கலந்து கருமை தட்டும்போது இறக்கினால், எந்தக் காய் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு ருசி வந்திருக்கும். அதைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டவர்கள் கல்யாணச் சாப்பாட்டைவிட மறுநாளையே ஆவலோடு எதிர்பார்ப்பார்கள்.

இட்லியைப் பொறுத்தவரை, உப்புமாவுக்குச் சூடான இட்லி உதவாது. நன்றாக ஆறி இறுகியதுதான் பிசுபிசுக்காமல் உதிரும். தாளிப்பில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கிய பிறகு உதிர்த்த இட்லியைப் போட்டு, இறக்கும்போது இட்லிப் பொடி தூவினால் போதும். புளித்த மாவில் நறுக்கிய சின்ன வெங்காயமும் கொஞ்சம் ரவையும் கலந்தால் குழிப்பணியாரம் ஆகிவிடும். மீந்த மசால் வடையை உடைத்து மசாலாக் குழம்பில் போட்டதிலிருந்துதான் சென்னையின் வடைகறி பிறந்தது என்பார்கள். வீட்டில் செய்யும்போது குழம்பு நன்றாகக் கொதித்து, மசாலாவின் பச்சை வாடை போன பிறகு வடையைச் சேர்க்க வேண்டும், இல்லையேல் கரைந்துவிடும்.

யாழ்ப்பாணத்துப் பழஞ்சோற்றுக் குழையலையும் செய்து பார்க்கலாம். பழஞ்சோற்றோடு முதல்நாள் கறிகளைச் சேர்த்து, தயிரோ தேங்காய்ப் பாலோ விட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஒருவர் கையாலேயே முழுவதையும் குழைத்து உருண்டை பிடிக்க வேண்டும். தட்டு வைக்கத் தேவையில்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் உள்ளங்கையில் ஆளுக்கோர் உருண்டையாகக் கொடுத்துக்கொண்டே வரலாம், சட்டி காலியாகும் வரை.